மேம்பாலம் வருகிறது, நம் கடை என்னவாகும்?

கத்திப்பாரா கற்றுத் தந்த பாடமும் ஒரகடம் வட்டார வணிகர்கள் செய்ய வேண்டியதும்

சென்னைச் சுற்றுவட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்களில் கத்திப்பாரா சந்திப்பைக் கடக்காதவர் இருக்க முடியாது. கிண்டியிலிருந்து வரும் அண்ணா சாலை, விமான நிலையம் வழியாகத் தாம்பரம் போகும் ஜி.எஸ்.டி. சாலை, கோயம்பேட்டிலிருந்து வரும் நூறடிச் சாலை, பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலை ஆகிய நான்கும் கூடும் இடம் அது. 1996இல் கொத்தவால்சாவடி காய்கனி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறிய பிறகு, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் கடைக்காரர்களின் தக்காளியும் வெங்காயமும் விடியற்காலையில் இந்தச் சந்திப்பைத் தாண்டித்தான் வந்தன. விமானத்தைப் பிடிக்க ஓடும் கார், ஆலைக்குப் போகும் கண்டெய்னர் லாரி, மாநகரப் பேருந்து, நம் வாழைத்தார் ஏற்றிய வேன் எல்லாம் ஒரே ரவுண்டானாவைச் சுற்றி முட்டிக்கொண்டு நின்ற காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த நெரிசலுக்கு முடிவு கட்டத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் அங்கே ஒரு மாபெரும் மேம்பாலத்தைக் கட்டியது. 2008 அக்டோபரில் அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி அதைத் திறந்து வைத்தார். இன்று அதே போன்ற மாற்றங்கள் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் நடந்துகொண்டிருக்கின்றன. இன்னும் பல வரப்போகின்றன. எனவே கத்திப்பாராவில் என்ன நடந்தது, அதில் நம்மைப் போன்ற சிறு வணிகர்களுக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன என்று இப்போதே உட்கார்ந்து பார்ப்பது நல்லது என்று கருதுகிறோம்.

நான்கிலைப் பாலம் எப்படி வேலை செய்கிறது?

நேராகப் போகும் இரு சாலைகளில் ஒன்று மேலே, ஒன்று கீழே போகும். இடது பக்கம் திரும்புகிறவர் சரிவுப்பாதையில் இறங்கித் திரும்பிவிடலாம். வலது பக்கம் திரும்ப வேண்டியவர்தான் சுற்ற வேண்டும். பாலத்தைத் தாண்டிப் போய், இடது பக்கமாகவே ஒரு முக்கால் வட்டம் அடித்து, தான் போக வேண்டிய சாலையில் சேர வேண்டும். நான்கு மூலையிலும் இப்படி நான்கு வளையங்கள் இருப்பதால் மேலிருந்து பார்த்தால் நான்கு இலை விரிந்தது போலத் தெரியும். யாரும் யாருக்கும் குறுக்கே போவதில்லை. சிக்னல் தேவையில்லை.

இந்த அமைப்பு புதிதல்ல. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உட்பிரிட்ஜ் என்ற ஊரில் 1929இலேயே இப்படி ஒன்று திறக்கப்பட்டுவிட்டது. இதில் உள்ள குறை என்னவென்றால், ஒரு வளையத்திலிருந்து வெளியே வருகிறவரும் அடுத்த வளையத்துக்குள் நுழைகிறவரும் ஒரே குறுகிய நீளத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு போக வேண்டும். வண்டிகள் கூடக் கூட அந்த இடத்தில் மீண்டும் நெரிசல் சேரும். அதுபோக, இடமும் ஏராளமாக வேண்டும். நம் கவலை இந்த இரண்டாவது விஷயத்தில்தான் தொடங்குகிறது.

கிடைத்தது என்ன, போனது என்ன?

கிடைத்ததை முதலில் சொல்லிவிடுவோம். கோயம்பேட்டிலிருந்து தென்புறம் வரும் சரக்குக்குச் சந்திப்பில் நின்று காயும் நேரம் குறைந்தது. கீரையும் கொத்தமல்லியும் வெயிலில் வாடாமல் கடைக்கு வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டி வாடகையைப் பேசும்போது எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

போனது மெதுவாகத்தான் தெரிந்தது. மேம்பாலம் என்பது வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்தாமல் அனுப்பிவைக்கும் ஏற்பாடு. நம் வியாபாரமோ ஆள் நிற்பதை நம்பியது. சந்திப்பில் பேருந்து மாறுகிறவர், சிக்னலுக்குக் காத்திருக்கிறவர், சாலையைக் கடக்கிறவர் ஆகியோர்தான் சந்திப்புக் கடைகளின் வாடிக்கை. பாலம் வந்ததும் நின்றவர்கள் மேலே பறந்துவிடுகிறார்கள். எதிர்ப்புறத்தில் இருக்கிறவருக்கு நம் கடை பத்தடி தூரம் போலத் தெரியும், நடந்து வர வேண்டுமென்றால் அரை மைல் சுற்ற வேண்டும்.

அடுத்தது, பாலம் கட்டி முடியும் வரை உள்ள காலம். தடுப்புத் தகடுகள் கடைக்கு முன்னால் வந்து நிற்கும். சரக்கு வண்டி ஒதுங்க இடமிருக்காது. புழுதி அரிசி மூட்டையில் படியும். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகப் பரங்கிமலை–பூந்தமல்லி சாலையைத் தோண்டிய ஆண்டுகளில், சாலையின் இருபுறமும் இருந்த கடைக்காரர்கள் இதையெல்லாம் அனுபவித்தார்கள். பெரிய கடைக்காரர் இரண்டு, மூன்று ஆண்டு நட்டத்தைத் தாங்கிக்கொள்வார். வட்டிக்கு வாங்கிச் சரக்குப் போடும் சிறு மளிகைக்காரரால் ஆறு மாதம் கூடத் தாங்க முடியாது. பாலம் திறக்கும் நாளில் வாழ்த்துச் சொல்ல அவர் கடை அங்கே இருப்பதில்லை.

மூன்றாவது ஒன்றும் உண்டு. கத்திப்பாரா வளையங்களுக்கு நடுவே கிடந்த பரந்த நிலம் பல ஆண்டுகள் எவருக்கும் பயன்படாமல் இருந்தது. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் அது விமான நிலையம் வரை நீண்டது. பிறகு மெட்ரோ ரயில் நிறுவனம் அந்தப் பாலத்தடி நிலத்தில் கடைகள், உணவகங்கள், பேருந்து நிற்குமிடம், வாகன நிறுத்தம் எல்லாம் சேர்த்து ‘நகர்ப்புறச் சதுக்கம்’ ஒன்றை அமைத்தது. அது 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதாவது, பாலத்துக்கடியில் வணிகத்துக்கு இடமுண்டு என்பது பாலம் திறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் நடைமுறைக்கு வந்தது. அதையே வரைபடம் போடும்போது யோசித்திருந்தால், இடம் இழந்த சிறு கடைக்காரர்களுக்கு அங்கேயே முன்னுரிமை கேட்டிருக்கலாம். நாம் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது ஒரகடம் பக்கம்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமாநுஜர் அவதரித்த தலம் என்று மட்டும் அறியப்பட்டிருந்த காலம் போய்விட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை, அடுத்த ஆண்டில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை என்று வரிசையாக வந்தன. சுங்குவார்சத்திரம் பக்கம் செய்யப்படும் கைபேசிகள் சென்னை விமான நிலையம் வழியாக உலகமெங்கும் பறக்கின்றன.

ஆலை வந்தால் மளிகைக் கடையும் வரும். ஷிப்டு முடிந்து பேருந்து வந்து நிற்கும் நேரத்தில் ஒரகடம் கடைகளைப் பார்த்தால் தெரியும். வடமாநிலத் தொழிலாளர்களுக்காக ஆட்டாவும் கடுகெண்ணெயும் வாங்கி அடுக்காத மளிகைக் கடை அங்கே இல்லை என்றே சொல்லலாம். விடுதிகளுக்கும் மெஸ்களுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் மொத்தமாகப் போடுவதே பலருக்குப் பிழைப்பாகிவிட்டது.

இந்த வட்டாரத்தின் முடிச்சு ஒரகடம் சந்திப்பு. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் மாநில நெடுஞ்சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் மாநில நெடுஞ்சாலையும் இங்கேதான் கூடுகின்றன. தொழிற்பேட்டைக்காக இந்தச் சாலைகளை அகலப்படுத்தியதோடு சந்திப்பில் மேம்பாலமும் கட்டப்பட்டது. வடக்கே சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் முதல் வாலாஜாபேட்டை வரை ஆறுவழிப் பணி, குறித்த காலத்தில் முடியாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பாதி கட்டிய பாலங்களுக்குப் பக்கத்தில் அணுகுசாலையில் குலுங்கிக் குலுங்கிப் போன வண்டிகளில் நம் சரக்கு வண்டிகளும் உண்டு. பெங்களூருக்குப் பக்கத்து ஹோஸ்கோட்டையில் தொடங்கும் சுமார் 260 கிலோமீட்டர் விரைவுச்சாலையும் ஸ்ரீபெரும்புதூரில்தான் வந்து முடியும்படி வகுக்கப்பட்டது.

இதற்கெல்லாம் மேலாக, 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வு செய்யப்பட்டது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்படும் திட்டம் அது. ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் நிலம் தர மறுத்துத் தொடர்ந்து போராடியதை நாடே அறியும். அவர்களுடைய நியாயம் தனியாகப் பேச வேண்டிய ஒன்று. இங்கே நாம் சொல்ல வருவது இதுதான்: விமான நிலையம் என்று ஒன்று வந்தால் அதற்குப் போகும் சாலைகள், சந்திப்புகள் எல்லாம் மாறும். சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலையில் இன்று கடை வைத்திருப்பவர், நாளை கத்திப்பாரா பார்த்ததைப் பார்க்க நேரலாம்.

ஒரு சிறு கணக்கு

எதைக் கேட்டுப் போராட வேண்டும் என்பதில் நாம் பெரும்பாலும் தவறு செய்கிறோம். வண்டி திரும்ப யூ-திருப்பம் வேண்டும் என்று முதலில் கேட்கிறோம். அது தேவைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

யூ-திருப்பம் கடைக்கு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு மூன்று கிலோமீட்டர் கூடுதல். நாளுக்கு இரண்டு நடை, மாதம் 26 நாள் என்றால் 156 கிலோமீட்டர். ஆண்டுக்கு 1,872 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 156 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 14,040 ரூபாய்.

இப்போது இன்னொரு பக்கம். எதிர்ப்புறத்திலிருந்து நடந்து வந்து வாங்கும் வாடிக்கையாளர் நாளுக்கு 40 பேர், ஆளுக்கு 100 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். நாளுக்கு 4,000 ரூபாய் வியாபாரம். நூற்றுக்கு எட்டு ரூபாய் லாபம் என்றால் 320 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 8,320. ஆண்டுக்கு 99,840 ரூபாய். நடுவில் சுவர் எழுந்து, கடக்க வழியில்லாமல் போனால் இவ்வளவும் போகும்.

டீசல் நட்டத்தைப் போல ஏழு மடங்கு, நடந்து வரும் வாடிக்கையாளரை இழப்பதில் இருக்கிறது. இது உதாரணக் கணக்கு. ஒவ்வொருவரும் தம் கடைக்குரிய எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அநேகமாக எல்லாச் சில்லறைக் கடைக்கும் விடை ஒரே பக்கம்தான் சாயும். எனவே நம் முதல் கோரிக்கை, பாதசாரிகள் எளிதாகக் கடக்கும் வழியாக இருக்க வேண்டும். அறுபது வயது அம்மா பையோடு ஏறி இறங்க முடியாத படிக்கட்டுப் பாலம் வழியாகாது. தரைமட்டத்தில் பாலத்தடியில் கடக்கும் பாதை, அல்லது வெளிச்சமும் நீர் வடிகாலும் உள்ள சுரங்கப்பாதை வேண்டும்.

வரைபடம் போடும்போதே கேட்க வேண்டியவை

கான்கிரீட் போட்ட பிறகு மனுக் கொடுத்துப் பயனில்லை. திட்ட அறிக்கை தயாராகும் காலத்திலேயே சங்கத்தின் பெயரால் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு.

அணுகுசாலை இருபுறமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். சரக்கு இறக்க வண்டி ஒதுங்கும் இடங்கள் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். சரக்கு இறக்க எந்த நேரம் அனுமதி என்பதைப் போக்குவரத்துக் காவல்துறையோடு முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும்.

பேருந்து நிறுத்தம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். நிறுத்தம் இருநூறு மீட்டர் நகர்ந்தால் அந்த இடத்து வியாபாரமும் கூடவே நகரும்.

சாலை மட்டத்தைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். அணுகுசாலையை ஓரடி உயர்த்தினால் மழைத்தண்ணீர் கடைக்குள்தான் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. ஏரிகள் நிறைந்த நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வடிகால் இல்லாத பாலம், கிடங்கில் வைத்த சர்க்கரை மூட்டைக்கு எமன்.

பணியை ஒரே நேரத்தில் முழு நீளமும் தோண்டாமல் பகுதி பகுதியாகச் செய்யச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதியும் முடியும் தேதியை அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்ல வேண்டும். பண்டிகைக் காலத்தில் தடுப்புகளைக் குறைக்கக் கேட்பதிலும் தவறில்லை.

நிலம் எடுத்தால் நம் உரிமை என்ன?

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி. 3ஏ பிரிவின் அறிவிப்பு அரசிதழில் வரும். அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளேடுகளில் வர வேண்டும், அவற்றில் ஒன்று வட்டார மொழி நாளேடாக இருக்க வேண்டும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் 3சி பிரிவின்படி ஆட்சேபம் எழுத்தில் தர வேண்டும். இந்த 21 நாள்தான் உயிர்நாடி. அதன் பிறகு, இழப்பீடு கோர வருமாறு இன்னோர் அறிவிப்பு வரும். நிர்ணயித்த தொகை போதாது என்றால் நடுவரிடம் முறையிடலாம்.

மாநில நெடுஞ்சாலைகளுக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 பொருந்தும். அதிலும் நிலம் எடுக்கும் முன் உரிமையாளரையும் தொடர்புடையவர்களையும் கேட்க வேண்டும் என்று இருக்கிறது.

2013ஆம் ஆண்டின் நில எடுப்பு, மறுவாழ்வுச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்துகின்றன. சந்தை மதிப்புக்கு மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை உண்டு என்பதைப் பலர் அறிவார்கள். பலர் அறியாதது வேறு. 1956 சட்டத்தின் 3ஜி பிரிவும் 2013 சட்டத்தின் 28ஆம் பிரிவும், நில எடுப்பால் ஒருவரின் வருவாய்க்கு ஏற்படும் பாதிப்பையும், கடையை வேறிடம் மாற்ற ஆகும் நியாயமான செலவையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பாதிக்கப்படும் சிறு வணிகர் குடும்பத்துக்குக் குறைந்தது 25,000 ரூபாய் ஒருமுறை உதவித்தொகை தரச் சொல்கிறது. சொந்த நிலம் இல்லாவிட்டாலும், மூன்று ஆண்டுகளாக அந்த இடத்தையே முதன்மைப் பிழைப்பாக நம்பியிருந்த வாடகைதாரரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று அந்தச் சட்டம் ஏற்கிறது.

நகரப் பகுதியில் நடைபாதையில் பூக்கடை, பழக்கடை வைத்திருப்பவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் சாலையோர வணிகர் சட்டம் இருக்கிறது. சான்றிதழ் பெற்றவரை இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நம் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பூக்கார அம்மாவுக்கு இதைச் சொல்லி வைப்பது நம் கடமை.

காகிதம் இல்லாதவன் கடைக்காரனே அல்ல

சட்டம் இவ்வளவு தருகிறது. ஆனால் நம்மவர்களுக்குக் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், கடை நடத்தியதற்கு அத்தாட்சி இல்லாததுதான். இருபது ஆண்டு கடை நடத்தியிருப்பார். வாடகை கையில் கொடுத்திருப்பார், ரசீது இருக்காது. மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருக்கும். வாய்மொழி ஒப்பந்தம்தான். இழப்பீடு வரும் நாளில் உரிமையாளர் முழுவதையும் வாங்கிக்கொண்டு போவார். நம்மவர் வெறுங்கையோடு நிற்பார்.

ஆகவே ஒவ்வொருவரும் இந்த மாதமே சில வேலைகளை முடித்துவிட வேண்டுகிறோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம். உரிமையாளரிடம் இதமாகப் பேசி அதை முடியுங்கள். வாடகையை வங்கி வழியாகச் செலுத்துங்கள். உள்ளாட்சித் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, உத்யம் பதிவு ஆகியவற்றைக் கடை முகவரியிலேயே எடுத்துவிடுங்கள். 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வணிகர்களும் உத்யம் பதிவு பெறலாம். மொத்தக் கடைப் பில்களில் உங்கள் கடைப் பெயரும் முகவரியும் வரும்படி கேட்டு வாங்கி, ஆண்டுவாரியாகக் கட்டி வையுங்கள். கடையின் முகப்பை ஆண்டுக்கொரு முறை தேதியுடன் படம் எடுத்து வைப்பதும் பயன் தரும்.

ஊர்தோறும் உள்ள கிளைச் சங்கங்கள், தினமும் நாளேட்டில் நில எடுப்பு அறிவிப்பைப் பார்ப்பதற்கென்று ஒருவரை நியமிக்க வேண்டும். சர்வே எண்களைப் படிக்கத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவர் உதவியை நாடலாம்.

சாலை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அல்ல நாம். சரக்கு வந்து சேராத ஊரில் கடை எதற்கு? 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆலை வரும், போகும். ஊரும் கடையும்தான் கடைசி வரை நிற்கும். அப்படி நிற்கிறவருக்கு, தன் வாசலில் என்ன கட்டப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. கத்திப்பாராவில் நாம் கேட்கத் தவறியதை ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் கேட்டுப் பெறுவோம். அதற்கு முதல் வேலையாக, இந்த இதழை மூடி வைத்தவுடன் உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.